நவம்பர் முதல் நாளை நம் வீடுகளில் ஆசரிப்பது எப்படி?



சுதந்திர தினமும் குடியரசு தினமும் தேசம் முழுவதற்கும் பொதுவானவை. நவம்பர் 1 நம் குமரி மாவட்டத்துக்கென்றே அமைந்த நாள். 1956ஆம் ஆண்டு அந்நாளில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய 4 தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து, அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்து, கன்னியாகுமரி மாவட்டமாயின. இந்நாளைக் குடும்பமாகவும் வாலிபர் ஐக்கியமாகவும் நாம் எவ்விதம் ஆசரிக்கலாம் என்பதை இவ்வாரம் தியானிப்போம்.

யோர்தானைக் கடந்த இஸ்ரவேலர் 12 கற்களைக் கில்காலில் நாட்டினார்கள் (யோசுவா 4). பிள்ளைகள் அவற்றைக் கண்டு கேள்வி கேட்க வேண்டும், பெற்றோர் பதில் சொல்ல வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆகவே, பிள்ளைகளுக்குச் சொல்ல நமக்கு முதலில் வரலாறு தெரிந்திருக்க வேண்டும்.

திருவிதாங்கூர்த் தமிழர்களுக்கென 1945இல் நாகர்கோவிலில் ஓர் அமைப்புத் தோன்றியது. அதுவே பின்னர் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் ஆயிற்று. பள்ளியாடியில் பிறந்து நாகர்கோவிலில் வழக்கறிஞராக விளங்கிய மார்ஷல் நேசமணி அதன் முன்னணித் தலைவரானார். அவர் நம் கிறிஸ்தவ சமுதாயத்தைச் சேர்ந்தவர் என்பதில் நாம் மகிழ்வது இயல்பே. ஆயினும் தாணுலிங்க நாடார், பி. ராமசாமி பிள்ளை, அப்துல் ரசாக் ஆகியோரும் அதே பாரத்தைச் சுமந்தவர்கள். இவ்வெற்றியை எந்த ஒரு மதத்தாரும் தமக்கு மட்டும் உரியதென்று கொண்டாட இயலாது.

1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் கூடிய மக்கள்மீது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. உயிர்கள் பலியாயின. அப்போது ஆட்சியில் இருந்தது பட்டம் தாணு பிள்ளையின் பிரஜா சோஷலிஸ்ட் அரசு. அக்கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியாவோ சிறையிலிருந்தபடியே, தம் சொந்தக் கட்சியின் அரசு பதவி விலக வேண்டுமென்று வற்புறுத்தினார். தன் பக்கத்தார் தவறும்போதும் நியாயத்தின் பக்கம் நிற்பவரே நியாயத்தை உண்மையாய் நேசிப்பவர் என்பதை நம் வாலிபர்கள் இதிலிருந்து கற்றுக்கொள்ளலாம்.

பசல் அலி தலைமையிலான மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955 செப்டம்பரில் தன் அறிக்கையை அளித்தது. நம் 4 தாலுகாக்களும் செங்கோட்டையும் தமிழ்நாட்டுக்குக் கிடைக்க வழி பிறந்தது. கோரப்பட்டிருந்த தேவிகுளமும் பீருமேடும் கேரளத்திலேயே நின்றுவிட்டன. மகிழ்ச்சியோடு இழப்பும் கலந்தே நம் மாவட்டம் பிறந்தது. மாநில எல்லையைத் தொடர்ந்து சபையும் மாறியது. தென்னிந்திய திருச்சபையின் கன்னியாகுமரி பேராயம் 1959இல் தனிப் பேராயமாயிற்று. எல்லைக்கு அப்பால் இருப்போர் ஒரே பந்தியில் நம்மோடு அமர்ந்திருந்த சகோதரரே.

இனி ஆசரிக்கும் முறைகளைப் பார்ப்போம்.

அன்று மாலைக் குடும்ப ஜெபத்தில் வீட்டின் மூத்தோரைப் பேசச் சொல்லுங்கள். பழைய நிலப் பத்திரம் இருந்தால் எடுத்துப் பிள்ளைகளிடம் காட்டுங்கள். அது மலையாளத்தில் எழுதப்பட்டிருக்கக் கூடும். தன் நிலத்தின் பத்திரத்தைத் தானே வாசிக்க முடியாத ஒரு மனிதனின் நிலையை எண்ணிப் பார்த்தால், தாத்தாமார் எதற்காகப் போராடினார்கள் என்பது பிள்ளைகளுக்கு விளங்கும்.

வாலிபர் ஐக்கியத்தார் நாகர்கோவிலிலுள்ள நேசமணி மணிமண்டபத்தில் தொடங்கி, பள்ளியாடி, மார்த்தாண்டம், புதுக்கடை என்று ஒருநாள் பயணம் செல்லலாம். ஒவ்வோர் இடத்திலும் ஒருவர் அவ்விடத்து வரலாற்றைச் சொல்லட்டும். பின் சில நிமிடங்கள் மௌனமாய் நின்று ஜெபியுங்கள். சிந்தப்பட்ட இரத்தத்தை நினைவுகூர்ந்து, ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இரத்ததானம் செய்வதும் தகுதியான ஆசரிப்பே. நவம்பர் 1 திருச்சபை நாட்காட்டியில் சகல பரிசுத்தவான்களின் திருநாளாகவும் இருப்பதால், அன்றைய ஸ்தோத்திர ஜெபத்தில் இவர்களையும் நினைக்கலாம்.

இன்னொன்று, எல்லாவற்றிலும் கடினமானது. எகிப்தில் அந்நியராயிருந்ததை மறவாமல் அந்நியனை ஒடுக்காதிருக்க வேண்டும் என்று கர்த்தர் இஸ்ரவேலருக்குக் கட்டளையிட்டார் (யாத்திராகமம் 23:9). தங்கள் மொழிக்கு அலுவலகத்தில் இடமில்லை என்று துன்பப்பட்டவர்களின் பிள்ளைகள் நாம். இன்று நம் மாவட்டத்தில் மலையாளம் பேசும் குடும்பங்கள் சிறுபான்மையினராய் வாழ்கின்றன. வடமாநிலத் தொழிலாளர்கள் நம் கட்டடங்களைக் கட்டுகிறார்கள். வங்கியிலும் மருத்துவமனையிலும் ஒரு படிவத்தை நிரப்ப இயலாமல் தயங்கி நிற்கிறார்கள். அவர்களைக் கேலி செய்யும் வாய், நவம்பர் 1 அன்று முழங்குவதில் பொருள் என்ன? அந்நாளில் வாலிபர்கள் அத்தகைய ஒருவருக்காவது உடன் சென்று உதவட்டும். குடும்பங்கள் எல்லைக்கு அப்பாலுள்ள சபைகளுக்காகப் பெயர் சொல்லி ஜெபிக்கட்டும்.

நமக்குக் கிடைத்த நீதியை மற்றவருக்கும் வழங்கும்போதே, நாம் நாட்டிய கல்லைக் கண்டு கேட்கும் பிள்ளைகளுக்கு வெட்கமின்றிப் பதில் சொல்ல முடியும்.

ஜெபம்: எங்கள் பிதாக்களுக்கு நியாயம் செய்த ஆண்டவரே, உமக்கு ஸ்தோத்திரம். உயிரைக் கொடுத்தவர்களை மறவாத இருதயத்தையும், அந்நியரை அரவணைக்கும் கரங்களையும் எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.