ஒரே வரியில் முடியாத அப்டேட்

டேட்டாபேஸ் பாடத்தில் துணைவினவல் (அதாங்க, சப்குவரி) படித்திருப்பீர்கள். ஒரு வினவலின் விடையை அப்படியே இன்னொன்றின் நிபந்தனைக்குள் வைப்பது. ஐ.பி.எம்.மின் சேம்பர்லினும் பாய்ஸும் 1974-ல் வெளியிட்ட சீக்வல் கட்டுரையிலேயே இது உண்டு. ஆனால் 1995-ல் பிறந்து, பி.எச்.பி.யோடு ஜோடி சேர்ந்து பாதி இணையத்தைச் சுமந்த மைஎஸ்க்யூஎல்லில், 2004 அக்டோபரில் 4.1 பதிப்பு நிலைபெறும் வரை இது கிடையாது! போஸ்ட்கிரஸ் 1998-லேயே செய்துவிட்டது.

சரி, அதுவரை எப்படிச் சமாளித்தார்கள்?

ஒரு நூலகம் என்று வைத்துக்கொள்வோம். அபராத பாக்கி உள்ளவர்களின் கணக்கை முடக்க வேண்டும். பாக்கி ஒரு டேபிளில், உறுப்பினர்கள் இன்னொன்றில். ஸ்கிரிப்ட் முதலில் பாக்கிக்காரர்களின் எண்களை செலக்ட் செய்து வாங்கும். பிறகு இம்ப்ளோட் போட்டு, நடுநடுவே காற்புள்ளி வைத்துக் கோர்த்து, அப்டேட்டின் 'இன்' அடைப்புக்குறிக்குள் திணித்து அனுப்பும்.

கேட்க எளிதுதான். பாக்கியே இல்லாத நாளில் அடைப்புக்குறி காலியாகி, வாக்கியமே பிழையாகிவிடும். அதற்காகப் பட்டியலின் தலையில் சும்மா ஒரு 0 வைப்பது வழக்கம் (யாருக்கும் 0 என்ற எண் இருக்காது என்ற தைரியம்!). பட்டியல் மிக நீண்டால் சர்வர் ஏற்கும் பாக்கெட் அளவைத் தாண்டிவிடும். துண்டு போட வேண்டும்.

இதெல்லாம் சில்லறை. இரண்டு வினவல்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளிதான் நிஜமான ஆபத்து. அந்த நொடியில் ஒருவர் கவுண்டரில் பணம் கட்டிவிட்டால்? அவர் எண் ஏற்கெனவே பட்டியலில் ஏறிவிட்டது. கட்டியவர் கணக்கே முடங்கும். அன்று வழக்கமாகப் பயன்பட்ட மைஐசாம் டேபிள்களில் டிரான்சாக்‌ஷனும் இல்லை. இரண்டு டேபிள்களையும் பூட்டிவிட்டு வேலை செய்யலாம், அதுவரை கவுண்டர்காரர் காத்திருக்க வேண்டியதுதான்.

2003-ல் நிலைபெற்ற 4.0-ல், டேபிள்களை இணைத்தே அப்டேட் செய்யும் வசதி வந்தது. என்னைக் கேட்டால் உண்மையான விடுதலை அதுதான். 4.1 கொடுத்த துணைவினவல், 'இன்'னுடன் வந்தால் பெரும்பாலும் ஒவ்வொரு வரிசைக்கும் மறுபடி மறுபடி ஓடி உயிரை வாங்கியது. 2013-ல் 5.6 செலக்டுக்கு அதைச் சரிசெய்தது. அப்டேட்டுக்கு அந்த வேகம் 2020-ல், 8.0.21-ல்தான் கிடைத்தது. மாற்றுகிற டேபிளையே உள்ளே நேரடியாகக் கேட்டால் 1093 என்ற பிழை இன்னும் வருகிறது. அதற்கும் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள்: உள்வினவலை இன்னொரு வினவலுக்குள் பொதிந்து, அது வேறு டேபிள் என்று சர்வரை நம்ப வைப்பது!