எங்கட ஊர்ப் பனி

யாழ்ப்பாணத்தில் நாம் அறிந்த பனி, மார்கழி விடியலில் தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு திருவெம்பாவைக்குப் போனபோது தோளை நனைத்த பனிதான். அது வழியை மறிக்கும் என்பதை நோர்வேயில்தான் கற்றோம்.

குருநகரைச் சேர்ந்த அந்தோனி இராஜேந்திரம் 1956 இல் நோர்வே வந்தார். ஆயினும் நம்மவர் பெருந்தொகையாக வந்தது 1980களிலேயே. வேலை வடக்கே, பின்மார்க் கரையோர மீன் தொழிற்சாலைகளில் கிடைத்தது. போட்ஸ்பியோர், வார்டோ போன்ற சிற்றூர்களுக்குப் போனோம்.

அங்கே பனி மேலிருந்து விழுவதைவிடக் காற்றோடு பக்கவாட்டில் வருவதே அதிகம். நவம்பர் பிற்பகுதி தொடக்கம் ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் எழாது. புயலடித்தால் மலைப்பாதையைப் பூட்டிவிடுவார்கள். இல்லையேல் பனி தள்ளும் வாகனம் முன்னே போக, கார்கள் அதன் பின்னால் வரிசையாகச் செல்லும். தெருப்பனி இறுகி வெள்ளையாகவே கிடக்கும். கிழவிகள் நீண்ட இரும்புச் சட்டங்களில் பொருத்திய 'ஸ்பார்க்' நாற்காலியைக் காலால் உந்திக் கடைக்குப் போவார்கள். ஊரே பனியோடு விளையாடியது. நாம் விளையாடவில்லை. 1995 ஒக்டோபரில் வலிகாமம் இடம்பெயர்ந்த செய்தி வந்தபோது, நாம் மீன் வெட்டும் மேசையில் நின்றோம். வெளியே பனி எவ்வளவு கொட்டியது என்று எவருக்கும் நினைவில்லை.

பிள்ளைகளின் படிப்பு, வேறு வேலை, நம்மவர் கூட்டம் என்று பலர் தெற்கே ஒஸ்லோவுக்குப் பெயர்ந்தோம். குரூருட் பள்ளத்தாக்கில் குடியேறினோம். இங்கே ஹவுகன்ஸ்டுவாவில், நகரம் பனியைக் குப்பையாகவே நடத்துகிறது. பொடிக்கல்லும் உப்பும் போட்ட தெருவில் ஸ்பார்க் ஓடாது; பனி பழுப்புச் சேறாகிவிடும். முன்னர் அதை லொறியில் ஏற்றிக் கடலில் கொட்டினார்கள். 2010களில் கடல்நீரால் உருக்கி, அழுக்கை வடிகட்டும் மிதவை வந்தது.

ஆனாலும், பனியை நாம் ரசிக்கக் கற்றது இந்த நகரத்தில்தான். பிள்ளைகள் மாடிகளுக்கிடையிலுள்ள சரிவில் சறுக்கினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் லில்லோமார்க்கா காட்டுக்கு நம்மை இழுத்துப் போனார்கள். விழுந்து எழுந்து சிரித்தோம். பனியை ரசிக்க, பனி மட்டும் போதாது. வீட்டில் இருப்பவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்ற கேள்வி சற்று நேரமாவது ஓய வேண்டும்.

கடும்பனியில் ரயில் தாமதமாகும் நாட்களில், ஹவுகன்ஸ்டுவா நிலையத்தில் நம்மவர் யாராவது சொல்வார்: "இதென்ன பனி, எங்கட ஊர்ப் பனியைப் பார்த்திருக்கவேணும்." எந்த ஊர் என்று எவரும் கேட்பதில்லை.