ஆதித்த கரிகாலன் கொலையும் ஆசிரியர் கல்கியும்

சோழர் வரலாற்றை ஆராய்ந்து எழுதிய அறிஞர் பலர் உளர். ஆயினும் சோழர் பெயரைத் தமிழ்க் குடும்பங்களின் இல்லந்தோறும் கொண்டு சேர்த்த பெருமை ஒரு நாவலுக்கே பெரிதும் உரியது. அமரர் கல்கி 1950 முதல் 1954 வரை தமது வார இதழில் தொடர்ந்து எழுதிய 'பொன்னியின் செல்வன்' என்பதே அது. 1899இல் பிறந்த அப்பெருமகனார், தொடர் நிறைவெய்திய 1954ஆம் ஆண்டிலேயே டிசம்பர்த் திங்களில் மறைந்தார்.

அந்நாவலை வீரக்கதை என்பர் சிலர். காதற்கதை என்பர் வேறு சிலர். அதன் ஐந்து பாகங்களுக்கும் அடியில் ஓடுவது ஒரு கொலை வழக்கு என்பதே நம் கருத்து. 2022லும் 2023லும் அது திரைப்படமாக வந்தபோது, தெலுங்கு நன்கறிந்து தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கும் நம் கச்சிபௌலிப் பிள்ளைகளும் அதைக் கண்டனர். "கரிகாலனைக் கொன்றவர் யார்?" என்று வீடுதோறும் வினவினர். சிலர் நந்தினி என்றனர். சிலர் உத்தம சோழன் என்றனர். நந்தினி கல்கியின் கற்பனைப் படைப்பு. உத்தம சோழனோ உண்மையில் வாழ்ந்து அரசாண்டவன். உண்மையில் வாழ்ந்தவன்மீது கொலைப்பழி சுமத்துமுன் சான்றுகளை ஆராய்தல் நம் கடமையன்றோ?

கல்லில் உள்ள செய்தி

சுந்தர சோழனின் மூத்த மைந்தன் ஆதித்த கரிகாலன். வீரபாண்டியனை வென்று அவன் தலை கொண்டவன் எனக் கல்வெட்டுகளில் சிறப்பிக்கப் பெறுபவன். பட்டத்திற்குரிய இவ்விளவரசன் கி.பி. 970ஐ ஒட்டிக் கொலையுண்டான். பின்னர் அரியணை ஏறியவன், கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவியாருக்கும் மகனாகிய உத்தம சோழன். கரிகாலனின் இளவலாகிய அருண்மொழி 985இல் முடிசூடி இராசராசன் எனப் புகழ்பெற்றான்.

இக்கொலையைப் பற்றிய முதன்மைச் சான்று, காட்டுமன்னார்கோயிலையடுத்த உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயிற் சுவரில் உள்ளது. இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சார்ந்த அக்கல்வெட்டு, வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துப் பெருங்குறி மகாசபைக்கு அரசன் விடுத்த ஆணையைக் கூறுகிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலியோரைப் பெயர் சுட்டி, அவர்தம் உடைமைகளோடு உறவினர் உடைமைகளையும் பறிமுதல் செய்யும் செய்தி அதில் உள்ளது.

இருவேறு முடிவுகள்

இதனைக் கொண்டு பேராசிரியர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார், 1935இல் வெளிவரத் தொடங்கிய தம் சோழர் வரலாற்றில் உத்தம சோழன்மீது ஐயங்கொண்டார். கொலையால் பயன்பெற்றவன் அவனே. அவன் ஆண்டகாலமெல்லாம் துரோகிகள் தண்டனை பெறவில்லை என்பது அவர் கருதிய காரணம். 1949இல் 'பிற்காலச் சோழர் சரித்திர'த்தின் முதற்பகுதியை வெளியிட்ட தி. வை. சதாசிவப் பண்டாரத்தார், அவ்வையம் பொருந்தாது என மறுத்தார்.

அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் நம் போன்றோர்க்கு இங்கு ஒன்று தோன்றுகிறது. ஓர் ஆணையின் தேதி வேறு. அதில் சொல்லப்பட்ட நிகழ்ச்சியின் தேதி வேறு. உடையார்குடிக் கல்வெட்டு நிலத்தையும் உடைமையையும் பற்றிய ஓர் ஆவணம். குற்றவாளிகள் முதன்முதலாகப் பிடிபட்டது அவ்வாண்டில்தான் என்று அதனைக்கொண்டு துணிதல் இயலாது. அதற்கு முன்னரே அவர்கள் தண்டனை பெற்று, சொத்து விவகாரம் மட்டும் பின்னர்த் தீர்ந்திருக்கவும் கூடும்.

துரோகிகளின் பட்டப்பெயர்களும் ஒருமுகமாக இல்லை. ரவிதாசன் பஞ்சவன் பிரமாதிராயன்; பஞ்சவன் என்பது பாண்டியனைக் குறிக்கும் சொல். வீரபாண்டியனுக்காகப் பழிவாங்கினர் என்பார்க்கு இது துணை. பரமேசுவரனோ இருமுடிச்சோழ பிரமாதிராயன். அது சோழர் பெயர் தாங்கிய பட்டம். ஒன்று மதுரையைக் காட்ட, மற்றொன்று தஞ்சையைக் காட்டுகிறது.

இராசராசன் நடந்துகொண்ட முறையும் நோக்கத்தக்கது. உத்தம சோழனின் அன்னையாராகிய செம்பியன் மாதேவியார் அவனாட்சியிலும் போற்றப்பட்டார். உத்தமனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் அவன் அரசில் உயர்பணி புரிந்தான். உத்தமனின் இயற்பெயராகிய மதுராந்தகன் என்பதே இராசராசன் மைந்தன் இராசேந்திரனின் பிள்ளைப் பெயருமாகும். தமையனைக் கொல்வித்தவன் குடும்பத்தை ஒருவன் இவ்வாறு போற்றுவானோ?

நாவலாசிரியர் கண்ட வழி

அறிஞர் இருவர் நூல்களும் வந்தபின்னரே கல்கி எழுதத் தொடங்கினார். கதையின் முதற்காட்சியை ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் அமைத்தார். சான்றுரைக்கும் உடையார்குடி அவ்வேரியை அடுத்தே உள்ளது. கொலை நிகழும் கடம்பூரும் அப்பக்கமே. கல்லில் உள்ள ரவிதாசன், சோமன், பரமேசுவரன் ஆகியோரைச் சதிகாரராக்கினார்.

உத்தம சோழனை அவர் நடத்திய விதமே நுட்பமானது. சந்தேகத்திற்குரிய ஒருவனை இருவராகப் பிரித்தார். பேராசை கொண்டு சதியில் இறங்கிய மதுராந்தகன் செம்பியன் மாதேவியாரின் மகனே அல்லன் என்றும், பூமாலை தொடுத்துச் சிவத்தொண்டு செய்த சேந்தன் அமுதனே உண்மை மைந்தன் என்றும் கதையை முடித்தார். சாஸ்திரியார் கொண்ட ஐயத்திற்கும் இடமுண்டு. உண்மை உத்தமன்மீது மாசுமில்லை.

கொலைக்காட்சியில் விளக்கு அணைந்து இருள் சூழ்கிறது. எவர் கை வாள் என்று வாசகர் காண்பதில்லை. வந்தியத்தேவன் சிறைப்படுகிறான், பெரிய பழுவேட்டரையர் பழியைத் தாமே ஏற்று உயிர் துறக்கிறார். ஐயமோ எஞ்சி நிற்கிறது. சிலர் இதனைக் குறையென்பர்; நாம் இதனை நேர்மை என்போம். வரலாறு அறியாத ஒன்றைத் தாம் அறிந்ததாக அவர் காட்டவில்லை.

இத்தொடர் வந்துகொண்டிருந்த 1951இல் ஆங்கில நாட்டிலும் இதுபோன்ற நாவல் ஒன்று வெளிவந்தது. சிறுவரான இளவரசர் இருவர் 1483இல் மறைந்த வழக்கில், பழி சுமந்த மூன்றாம் ரிச்சர்டு மன்னன் குற்றமற்றவன் என ஜோசபின் டே என்னும் பெண் எழுத்தாளர் கதைவழி வாதாடினார். அவர் தீர்ப்பே எழுதினார். கல்கி வழக்கைத் திறந்தே விட்டுச் சென்றார்.

ஆகவே, பிள்ளைகள் மீண்டும் வினவின், துரோகிகளின் பெயர்கள் கல்லில் உள்ளன என்றும், அவர்களை ஏவியோர் எவரேனும் இருந்தனரா என்பதற்குச் சான்றில்லை என்றும் கூறுவோம். சான்றின்றி எவரையும் குற்றஞ்சாட்டலாகாது என்னும் அறமும் அதனோடு அவர்கள் நெஞ்சில் பதியட்டும்.

மற்றொன்றும் விழைகிறோம். கரிகாலனின் தம்பி மகனாகிய இராசேந்திரன் தன் மெய்க்கீர்த்தியில் வென்றதாகக் கூறும் கொள்ளிப்பாக்கை, நம் ஐதராபாத்திற்கு ஏறக்குறைய 80 கிலோமீட்டர்த் தொலைவிலுள்ள கொலனுபாகா என்பர் ஆய்வாளர். விடுமுறை நாளொன்றில் பிள்ளைகளை அங்கு அழைத்துச் செல்வோம். கதைவழி வரலாற்றுக்குள் புகுந்தவர்கள் அங்குள்ள பழங்கற்களையும் உற்று நோக்கப் பழகட்டும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!