குடம் சுமப்பவர் சபைக்கு வந்தால்...



'இன்ஜினியருக்கு எதுக்குய்யா அரசியல் வரலாறு?' என்று கேட்காதீர்கள். ஓர் ஊருக்கு முதலில் ரோடா, குடிதண்ணீரா என்று சபை தீர்மானிக்கிறது. அதற்கப்புறம்தான் நம்ம எஸ்டிமேட்டும் லெவல் பார்ப்பதும். அந்தச் சபையில் ஒரு பெண் உட்கார்ந்தால் வேலைகளின் வரிசை மாறுமா?

முதலில் நம்ம மெட்ராஸ் கதை. 1927ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னை மாகாண சட்டசபைக்குள் நியமன உறுப்பினராக நுழைந்தார். அந்தச் சபையின் முதல் பெண் உறுப்பினர் அவர்தான். துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் கையிலெடுத்தவை தேவதாசி முறை ஒழிப்பு, பெண்களின் திருமண வயதை உயர்த்துதல், பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை போன்றவை. கோயில் ஊழியத்துக்காக விடப்பட்ட மானிய நிலங்களை, ஊழியக் கட்டாயமின்றி தேவதாசிகளுக்கே உரிமையாக்கும் சட்டத்திருத்தம் 1929ல் வந்தது. 1930ல் காந்திஜி கைதானதைக் கண்டித்து அவர் பதவியை உதறினார். பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் வர 1947 ஆகிவிட்டது!

சரி, ஒருத்தரை வைத்து முடிவு கட்டலாமா? ஒரே ஒரு சாம்பிளை நாமே ஒத்துக்கொள்ள மாட்டோமே!

பெரிய சாம்பிளும் கிடைத்தது. 1993ல் அமலுக்கு வந்த 73வது அரசியல் சட்டத்திருத்தம், ஊராட்சித் தலைவர் பதவிகளில் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்கியது. எந்த ஊராட்சி பெண்ணுக்கு என்பதை ஊரின் நிலைமையைப் பார்த்து முடிவு செய்யவில்லை. கிட்டத்தட்ட குலுக்கல் மாதிரிதான். ஆகவே நியாயமாக ஒப்பிட முடிந்தது. ராகவேந்திர சட்டோபாத்யாயாவும், பிற்பாடு 2019ல் நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டஃப்லோவும் மேற்கு வங்காளத்திலும் ராஜஸ்தானிலுமாக 265 ஊராட்சிகளை ஆராய்ந்து, 2004ல் முடிவை வெளியிட்டார்கள்.

இரண்டு மாநிலத்திலும் பெண் தலைவர்கள் குடிதண்ணீருக்குக் கூடுதலாகச் செய்திருந்தார்கள். ஆனால் ரோடு விஷயத்தில்தான் வேடிக்கை. பெண் தலைவர் உள்ள ஊர்களில், வங்காளத்தில் ரோடு வேலை அதிகம், ராஜஸ்தானில் குறைவு. காரணம்? வங்காளத்தில் ரோடு போடும் கூலி வேலை பெண்களுக்கும் கிடைத்தது. ராஜஸ்தானிலோ வேலை தேடி வெளியூர் போய்வருபவர்கள் பெரும்பாலும் ஆண்கள்.

பெண் என்றால் இரக்கம், ஆண் என்றால் ரோடு என்பதல்ல விஷயம். யார் எந்தச் சுமையைத் தூக்குகிறாரோ, அவர் அதைத்தான் முதலில் பேசுவார். தண்ணீர்க் குடம் நம்ம இடுப்பில் ஏறியதே இல்லை. அதனால் அது நமக்கு முதலில் தோன்றுவதும் இல்லை.

சட்டசபைகளிலும் மக்களவையிலும் மூன்றில் ஒரு பங்கு ஒதுக்க வழி செய்யும் சட்டத்திருத்தம் 2023ல்தான் நிறைவேறியது. முத்துலட்சுமி அம்மையார் சபைக்குள் நுழைந்து 96 வருஷம் கழித்து!

நம்மில் எத்தனையோ பேர் பைப் போடுகிறோம், ரோடு போடுகிறோம். அடுத்த பிளானை விரிக்கும்போது, இதைக் கேட்டது யார், கேட்க வாய்ப்பே இல்லாமல் போனது யார் என்று ஒரு நிமிஷம் யோசிப்போமா?