குபேரன் பத்திரமும் ஒர்லாண்டோ பத்திரமும்

போன ஜனவரியில் ஊருக்குப் போயிருந்தேன். எங்க ஊர் நாராயணவனம். புத்தூரில் இறங்கி ஆட்டோ பிடித்தால் கொஞ்ச தூரம்தான். 1960-ல் எல்லை பிரித்தபோது திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போச்சு, நாங்க ஆந்திராவிலேயே நின்னுட்டோம். 2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி மாவட்டத்துக்கு மாறினோம். வீட்டுக்குள்ளே தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு. அது மட்டும் மாறவே இல்லை.

கல்யாண வெங்கடேஸ்வரர் கோயிலுக்குப் பையனைக் கூட்டிக்கொண்டு போனேன். ஆகாசராஜன் மகள் பத்மாவதியைப் பெருமாள் கல்யாணம் பண்ணிக்கொண்ட இடம் இதுதான் என்பது ஐதீகம். கல்யாணச் செலவுக்குப் பெருமாள் கையில் காசில்லை, குபேரனிடம் கடன் வாங்கினார், பத்திரம் எழுதிக் கொடுத்தார், பிரம்மாவும் சிவனும் சாட்சி, அரச மரமும் சாட்சி என்று அம்மா கதை சொன்னாள். தொகை 14 லட்சம் ராம முத்திரைப் பொன் என்பார்கள். கலியுகம் முடியும்வரை வட்டி, அதற்கப்புறம் அசல். திருமலை உண்டியலில் நாம் போடுவதெல்லாம் அந்த வட்டிக்குத்தான் என்பது நம் வீடுகளில் சொல்கிற கணக்கு.

பையனுக்குப் பதினாலு வயசு. எல்லாம் கேட்டுவிட்டு, "அப்பா, நம்ம ஒர்லாண்டோ மாதிரியா?" என்றான். அம்மா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அந்தக் கதையைத்தான் இங்கே எழுதப் போகிறேன். பி.காம். படித்து, இருபது வருஷமாகப் பேங்கில் கடன் பத்திரம் படிக்கிறவன் ஏமாந்த கதை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கு.

முதலில் கொஞ்சம் சரித்திரம்.

டைம்ஷேர் என்பது அமெரிக்கச் சரக்கு என்று நினைப்போம். பிறந்தது ஐரோப்பாவில். 1963-ல் சுவிட்சர்லாந்தில் ஹாப்பிமாக் என்ற கம்பெனி, பங்கு வாங்கினவர்களுக்கு விடுமுறை வீடுகளில் தங்கும் உரிமை கொடுத்தது. அந்த அறுபதுகளிலேயே பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்கு விடுதி அறைகளை வாரக் கணக்கில் விற்றார்கள். எழுபதுகளில் ஃப்ளோரிடாவில் கட்டிய அடுக்குமாடி வீடுகள் விலை போகாமல் நின்றபோது, பில்டர்களுக்கு இந்த யோசனை பிடித்துப்போனது. ஒரு வீட்டை ஒருத்தருக்கு விற்பதைவிட ஐம்பது பேருக்கு ஐம்பது வாரமாக விற்றால் லாபம் எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பாருங்கள். 1974-ல் ஆர்.சி.ஐ. வந்தது. உன் வாரத்தை வேறு ஊர் வாரத்தோடு மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். வியாபாரம் பிடித்துக்கொண்டது.

நம்ம ஊருக்கும் வந்தது. 1986-ல் சென்னையில் ஸ்டெர்லிங், பத்து வருஷம் கழித்துக் கிளப் மஹிந்திரா. கொடைக்கானலில் வருஷத்துக்கு ஒரு வாரம் என்பது நடுத்தரக் குடும்பத்துக்குப் பெரிய கனவு. அதே பாணியில் வேறு சரக்கும் வந்தது. பான்கார்டு கிளப்ஸ் என்ற மும்பை கம்பெனி, ஓட்டல் அறை இரவுகள் என்ற பெயரில் பணம் திரட்டியது. தங்காவிட்டால் பணம் பெருகித் திரும்பி வரும் என்பது கவர்ச்சி. இது அனுமதி வாங்காத கூட்டு முதலீட்டுத் திட்டம் என்று செபி சொன்னது. 2016 பிப்ரவரியில் சுமார் 7,000 கோடி ரூபாயைத் திருப்பிக் கொடுக்க உத்தரவு போட்டது. முதலீடு செய்தவர்கள் ஐம்பது லட்சம் பேர்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

2011 டிசம்பர். ஒர்லாண்டோ. தொண்ணூறு நிமிஷம் உட்கார்ந்து கேட்டால் தீம் பார்க் டிக்கெட் இலவசம். நம்மில் எத்தனை பேர் போயிருப்போம்! தொண்ணூறு நிமிஷம் நாலு மணி நேரம் ஆச்சு. பையன் கைக்குழந்தை, அழுகிறான். எழுந்து போனால் போதும் என்று 14,000 டாலருக்குக் கையெழுத்துப் போட்டேன். ஃப்ளோரிடா சட்டப்படி பத்து நாளைக்குள் எழுத்து மூலம் ரத்து செய்யலாம். அது பத்திரத்திலேயே இருந்தது. நான் படித்தது பதினோரு மாசம் கழித்து.

அசலை நாலு வருஷத்தில் கட்டிவிட்டேன். வருஷா வருஷம் வரும் மெயின்டனன்ஸ் சார்ஜ் மட்டும் நிற்கவில்லை. 540 டாலரில் ஆரம்பித்து 2019-ல் 1,080. முடிவுத் தேதி என்று பத்திரத்தில் எதுவும் கிடையாது. குபேரன் பத்திரத்திலாவது கலியுகம் என்று ஒரு கெடு உண்டு.

அந்த வருஷம் தபாலில் ஓர் அழைப்பு. டைம்ஷேரிலிருந்து விடுதலை, இலவச இரவுச் சாப்பாடு. போனோம். அதே மாதிரி ஹால், அதே மாதிரி கோட்டு, அதே மாதிரி அவசரம். "நீங்க போனப்புறம் இந்தக் கடன் உங்க பையன் தலையில விழும் சார்" என்றார் ஒருவர். என் மனைவி என்னைப் பார்த்தாள். 4,800 டாலர், முன்பணமாக, செக்கில். அது அம்மாவை இங்கே அழைத்துவர விசா, டிக்கெட், இன்சூரன்ஸுக்கு என்று ஒதுக்கி வைத்திருந்த பணம்.

இரண்டு விஷயம் சொன்னார்கள். ரிசார்ட்டோடு பேசாதீர்கள். மெயின்டனன்ஸ் கட்டாதீர்கள். கேட்டேன். ஒரே வருஷத்தில் வசூல் ஏஜென்சி கடிதம், கிரெடிட் ஸ்கோர் சரிவு. விடுதலைக் கம்பெனியின் போன் நம்பர் வேலை செய்யவில்லை. கடைசியில் நானே ரிசார்ட்டைக் கூப்பிட்டேன். பாக்கியைக் கட்டச் சொன்னார்கள், ஒரு படிவம் கொடுத்தார்கள், பத்திரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். மூன்று மாசத்தில் முடிந்தது. முதல் நாளே கேட்டிருக்கலாம்.

பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். நான் தனி ஆள் இல்லை. 2013-லேயே, டைம்ஷேரை விற்றுத் தருகிறேன் என்பவர்கள், உல்லாசப் பயணப் பரிசு என்பவர்கள் மேல் 191 நடவடிக்கைகள் என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் அறிவித்தது. 2020-ல் வாஷிங்டன் மாநில அட்டர்னி ஜெனரல் ஒரு பெரிய விடுதலைக் கம்பெனி மேல் வழக்குப் போட்டார். 2022 நவம்பரில் ஆணையமும் விஸ்கான்சின் மாநிலமும் இன்னொரு கூட்டத்தின் மேல் வழக்குப் போட்டன. 9 கோடி டாலருக்கு மேல் வாங்கினார்கள், கொடுத்தவர்களில் பெரும்பாலோர் வயசானவர்கள் என்பது குற்றச்சாட்டு. மெக்ஸிகோ டைம்ஷேர் வைத்திருந்தவர்கள் கதை இன்னும் மோசம். 2019 முதல் 2023 வரை சுமார் 6,000 அமெரிக்கர்கள் 30 கோடி டாலர் அளவுக்கு இழந்ததாக எஃப்.பி.ஐ.யிடம் புகார். அதன் பின்னால் போதைக் கும்பலே இருக்கிறது என்று அமெரிக்க அரசு 2024-ல் எச்சரித்தது.

பேங்க்காரனாக எனக்கு உறைத்தது இதுதான். ஒரு பத்திரத்தை ரத்து செய்ய மூன்றே வழி. எதிர்ப் பக்கம் ஒத்துக்கொள்ள வேண்டும், சட்டம் கொடுத்த கெடுவுக்குள் நாமே விலக வேண்டும், அல்லது கோர்ட் சொல்ல வேண்டும். மூன்றாவது ஆள் எவ்வளவு பணம் வாங்கினாலும் அவரால் முடிந்தது கடிதம் எழுதுவது. அதை நாமும் எழுதலாம். குபேரன் பத்திரத்தை ரத்து செய்கிறேன் என்று எவனாவது பெருமாளிடம் முன்பணம் கேட்டானா?

அதனால், மாட்டிக்கொண்டவர்கள் முதலில் ரிசார்ட்டிடமே திரும்ப எடுத்துக்கொள்ளும் திட்டம் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். பாக்கி கட்டுவதை யார் பேச்சைக் கேட்டும் நிறுத்தாதீர்கள். சிக்கல் பெரிசென்றால், நீங்களே தேடிப் பிடித்த, உங்கள் மாநிலத்தில் லைசென்ஸ் உள்ள வக்கீலிடம் போங்கள். வேலை முடியுமுன் முழுப் பணம் கேட்பவரிடம் எழுந்து வந்துவிடுங்கள். பிள்ளை தலையில் விழும் என்ற பயமும் வேண்டாம். வாரிசு காலத்தோடு எழுதிக் கொடுத்து, அந்தச் சொத்து வேண்டாம் என்று பொதுவாக மறுத்துவிடலாம். ஏற்கெனவே ஏமாந்திருந்தால் ஆணையத்திடமும் மாநில அட்டர்னி ஜெனரலிடமும் புகார் கொடுங்கள். கார்டில் கட்டியிருந்தால் உடனே பேங்கைக் கூப்பிடுங்கள்.

எலும்பு முறிந்தால் எங்க பக்கம் புத்தூர் கட்டு இருக்கு. இதற்குக் கட்டு கிடையாது, முறியாமல் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அம்மா அப்புறம் வரவே இல்லை. முதலில் கொரோனா, பிறகு முழங்கால். கோயில் படியில் உட்கார்ந்து பையனிடம் கேட்டாள், "உங்க அப்பா வட்டி கட்டி முடிச்சுட்டானா?" முடிச்சாச்சு பாட்டி என்றான். எனக்கு அப்படித் தோன்றவில்லை.