ஜுக்ரா: அரண்மனையும் அதன் அயலும்

அயர்லாந்தில் டப்ளினுக்கு வடக்கே, கடற்கரையிலிருந்து சற்று உள்ளே மாலஹைட் கோட்டை இருக்கிறது. டால்பட் என்னும் ஒரே குடும்பத்தார் 1185 முதல் 1973 வரை, இடையில் சிறிது காலம் தவிர, அங்கேயே வாழ்ந்தார்கள். பார்க்க வருகிறவர்கள் கோட்டை மண்டபத்தோடு நின்றுவிடுவதில்லை. பக்கத்தில் இருக்கும் கூரையிழந்த தேவாலயம், அதன் கல்லறைகள், மதில் சூழ்ந்த தோட்டம், ஊர், கடற்கரை என்று ஒரு பகல் முழுவதும் நடக்கிறார்கள். ஆண்டவர் யார், அடக்கமானவர் யார், அந்தத் தோட்டத்தில் உழைத்தவர் யார் என்பதெல்லாம் அந்த ஒரு நடையிலேயே கண்ணில் படுகின்றன.

அப்படி நடக்கத் தகுந்த இடம் பந்திங் மக்களாகிய நமக்கு வெகு அருகிலேயே இருக்கிறது. நம்மில் பலர் அங்கே இறங்கிப் பார்த்ததில்லை என்பது என் மனத்தில் நெடுநாளாக இருக்கும் குறை. சிறுவயதில் பள்ளி விடுமுறைக்குத் தோட்டத்து லோரியில் ஏறி மோரிப் கடற்கரைக்குப் போவோம். போகும் வழியில் சமநிலத்தின் நடுவே ஒற்றையாய் நிற்கும் மலையைக் காட்டி, "அதுதான் ஜுக்ரா மலை, ராஜா இருந்த இடம்" என்பார் அப்பா. அதற்குமேல் அவருக்குத் தெரியாது. சொல்லித்தர எங்களுக்கும் வேறு ஆளில்லை.

கோல லங்காட் கரையில் கண்ணுக்கெட்டிய தூரம் தாழ்ந்த சதுப்பு நிலம். அதில் எழும் இந்த ஒரு குன்றுதான் மலாக்கா நீரிணையில் வந்த மாலுமிகளுக்கு வழி காட்டியது. போர்த்துகீசியர் காலம் முதல் ஐரோப்பியக் கடல்வரைபடங்களில் இது பார்செலார் குன்று என்ற பெயரோடு இடம்பெற்றது. இன்றும் மேலே கலங்கரை விளக்கம் உண்டு. அங்கிருந்து பார்த்தால் லங்காட் ஆறு பாம்புபோல் வளைந்து போவதும், ஆற்றின் இருபுறமும் செம்பனைக் காடும், அப்பால் நீரிணையும் தெரியும். ஓர் அரசர் இந்த இடத்தை ஏன் தேர்ந்தார் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

அந்த அரசர் சுல்தான் அப்துல் சமாட். 1857 முதல் 1898 வரை சிலாங்கூரை ஆண்டவர். கோலாலம்பூரில் அவர் பெயரைத் தாங்கி நிற்கும் செந்நிறக் கட்டடத்தை அறியாத தமிழர் இல்லை. ஆனால் அவர் வாழ்ந்ததும் அடங்கியதும் நம் பக்கத்தில்தான். 1867 இல் தொடங்கி ஏழாண்டுகள் நீடித்த கிள்ளான் போரில் அவருடைய உறவினர்களே எதிரெதிர் அணிகளில் நின்றார்கள். 1873 இல் ஜுக்ரா ஆற்றுமுகத்தருகே மலாக்காவிலிருந்து வந்த கப்பல் ஒன்று கொள்ளையிடப்பட்டது. அதைக் காரணங்காட்டி, அடுத்த ஆண்டு தொடக்கத்தில் ஆங்கிலேய ஆளுநர் சர் ஆண்ட்ரூ கிளார்க் போர்க்கப்பல்களோடு வந்து சேர்ந்தார். அதே 1874 இல் பிராங்க் சுவெட்டன்ஹாம் என்ற இளம் அதிகாரி சுல்தானுக்கு ஆலோசகராக லங்காட்டில் தங்கவைக்கப்பட்டார். சிலாங்கூரில் ஆங்கிலேயர் ஆட்சி வேரூன்றியது இந்த ஆற்றங்கரையில்தான். 1879 இல் இசபெல்லா பேர்ட் என்ற பயண எழுத்தாளர் இங்கே வந்து சுல்தானைச் சந்தித்து எழுதிய கடிதங்கள் 1883 இல் நூலாகின. சுல்தானின் அடக்கத்தலம் ஜுக்ரா மலையில் இருக்கிறது. அங்கே போகிறவர்கள் அமைதியாகப் போய் வர வேண்டும்.

அவருடைய பேரர் சுல்தான் அலாவுடின் சுலைமான் ஷா கட்டியதே 1905 இல் நிறைவு பெற்ற இஸ்தானா பண்டார் அரண்மனை. அரச மஞ்சள் பூசிய சுவர்கள். மலாய் மரவேலையும் முகலாய வளைவும் ஐரோப்பியத் தூணும் ஒரே முகப்பில். மாலஹைட்டைப் போல எதிரியை மறிக்கும் கோட்டை அல்ல இது. சிலாங்கூரில் கோட்டை பார்க்க வேண்டுமானால் கோல சிலாங்கூர் மலாவாத்திக் குன்றுக்குப் போக வேண்டும். 1784 இல் டச்சுக்காரரிடம் பறிகொடுத்த அதை மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் மீட்டார். ஜுக்ராவில் இருப்பது வாழ்வதற்காகக் கட்டிய வீடு. அரச நகர் என்ற தகுதி கிள்ளானுக்குப் போன பிறகும் சுல்தான் சுலைமான் இந்த ஆற்றோர ஊரை விட்டுப் பிரிய மனமில்லாமல் இருந்தார். 1938 இல் அவர் மறைந்தபின் அரண்மனை தனித்துப் போயிற்று. அருகில் அவர் பெயரிலேயே உள்ள மஞ்சள் நிறப் பள்ளிவாசலில் மட்டும் இன்றும் தொழுகை நடக்கிறது.

1905 என்ற அந்த ஆண்டில்தான் நாம் சற்று நிற்க வேண்டும். காப்பியை விட்டு ரப்பருக்கு மாறிய துரைமார்கள் இந்தச் சதுப்பில் நிலம் எடுத்து, காடு வெட்டிக்கொண்டிருந்த காலம் அது. வாய்க்கால் தோண்டியதும் கரை போட்டதும் யார்? தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆற்காட்டுக் கிராமங்களிலிருந்து சஞ்சி என்னும் ஒப்பந்த முறையிலும் பிறகு கங்காணி மூலமும் வந்த நம் முன்னோர். சஞ்சி முறைக்கு 1910 இல் தடை வந்தது. கங்காணி முறை அதன்பின்னும் பல்லாண்டு நடந்தது. எதிரே உள்ள கேரித் தீவின் பெரும்பகுதி, கடல் ஏறும்போது நீர்மட்டத்துக்குக் கீழே போகும் நிலம். கரை கட்டிக் காத்ததால்தான் அங்கே தோட்டம் உண்டாயிற்று. அந்தத் தீவில் நமக்கு வெகு காலம் முன்பே வாழ்ந்துவரும் மா மெரி மக்களின் மரச்சிற்பங்களைப் பார்க்காமல் இந்தச் சுற்று முழுமையாகாது.

ஆக, இஸ்தானாவின் மஞ்சள் சுவரும் நம் லயத்து வீடுகளும் ஏறத்தாழ ஒரே வயதுடையவை. சுவர் நிற்கிறது. லயங்கள் பெரும்பாலும் இல்லை. பால் மரம் போய்ச் செம்பனை வந்தது, பெரட்டுக் களம் மறைந்தது, கோயிலும் சில இடங்களில் பள்ளியும் மட்டும் எஞ்சின. பேராவில் கெல்லி அரண்மனைக்குப் போகிறவர்கள் அருகிலுள்ள மாரியம்மன் கோயிலின் கூரையில் கோட்டு அணிந்த உருவத்தைப் பார்த்து, அந்த அரண்மனையைக் கட்டிய தமிழ்த் தொழிலாளரை நினைக்கிறார்கள். ஜுக்ராவில் அப்படி நினைவூட்டும் உருவம் எதுவும் இல்லை. நாம்தான் பிள்ளைகளை அழைத்துப்போய், அரண்மனை முற்றத்தில் நின்று, "உன் பாட்டன் இதே காலத்தில் அந்தப் பக்கம் மண் வெட்டிக்கொண்டிருந்தான்" என்று கை நீட்டிக் காட்ட வேண்டும். அரசர் வரலாறு மலாய்க்காரருக்கு, தோட்ட வரலாறு தமிழருக்கு என்று பிரித்துச் சொல்வதை நான் ஏற்கவில்லை. இரண்டும் ஒரே ஆற்றங்கரையில் நடந்தவை.

வெயில் ஏறுமுன் மலை, பிறகு அடக்கத்தலம், பள்ளிவாசல், இஸ்தானா; பிற்பகலில் மோரிப். அங்கே 1945 செப்டம்பர் 9 அன்று 25ஆம் இந்திய டிவிஷன் கரையிறங்கியது. ஜப்பானியர் ஏற்கெனவே சரணடைந்துவிட்டதால் சண்டை இல்லை. ஆனால் படை வண்டிகள் சேற்றில் புதைந்து நகர மறுத்தன. கடல் உள்வாங்கியிருக்கும் நேரத்தில் போனால் அந்தச் சேறு எவ்வளவு தூரம் விரிகிறது என்று பார்க்கலாம். அங்கிருந்து திரும்பிப் பார்த்தால், செம்பனை வரிசைக்கு மேலே ஜுக்ரா மலை தெரியும்.