வால்வா, டிரான்சிஸ்டரா? வீட்டுக் கிடார் பெட்டியின் கதை

சற்று நீண்ட பதிவு. நேரம் இருக்கும்போது நிதானமாகப் படியுங்கள்.

சென்ற வாரம் பழைய மாணவர் ஒருவர் போனில் அழைத்தார். "சார், பொண்ணு எலெக்ட்ரிக் கிடார் கத்துக்கறா. வீட்ல வாசிக்க ஒரு ஆம்ப் வாங்கணும். சாலிட் ஸ்டேட் வாங்காதீங்க, வால்வு வாங்குங்கன்னு சொல்றாங்க. எங்களுக்கு டிரான்சிஸ்டர் பாடம் எடுத்தது நீங்கதானே, நீங்களே சொல்லுங்க" என்றார்.

அவருக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிட்டேன். ஆனால் "சாலிட் ஸ்டேட் மட்டம்" என்ற அந்தப் பேச்சுக்குப் பின்னால் அறுபது ஆண்டு வரலாறு இருக்கிறது. அது தெரிந்தால் எதை வாங்குவது என்பதும் தெரிந்துவிடும்.

எலெக்ட்ரிக் கிடாரின் உடல் பெரும்பாலும் கெட்டியான மரக்கட்டை. ஆம்ப்ளிஃபையர் இல்லாமல் வாசித்தால் பக்கத்தில் இருப்பவருக்கே சரியாகக் கேட்காது. அதனால் ஆம்ப் என்பது தனிப்பொருள் அல்ல, வாத்தியத்தின் மறுபாதி. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ரிக்கன்பேக்கர் நிறுவனம் எலெக்ட்ரிக் கிடாரை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, ஒலியைப் பெருக்க இருந்த ஒரே வழி வால்வு. கலிஃபோர்னியாவில் பின்னாளில் பெரும்புகழ் பெற்ற லியோ ஃபெண்டரும் ரேடியோ பழுதுபார்க்கும் கடைக்காரராகத்தான் தொடங்கினார். ரேடியோவில் இருந்த அதே வால்வுதான் கிடார் பெட்டிக்குள்ளும் போனது.

வால்வு ரேடியோ இருந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு நினைவிருக்கும். பொத்தானைத் திருகினால் உடனே பேசாது. உள்ளே இழை சூடேறி, செம்மஞ்சள் ஒளி வந்து, அரை நிமிடம் கழித்துத்தான் குரல் வரும். கிடார் ஆம்பிலும் அதே வெப்பம், அதே காத்திருப்பு. உள்ளே 300, 400 வோல்ட் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கிகளில் அந்த அழுத்தம் தங்கியிருக்கும்.

1947 டிசம்பரில் பெல் ஆய்வுக்கூடத்தில் பார்டீனும் பிராட்டெயினும் முதல் டிரான்சிஸ்டரை இயக்கிக் காட்டினார்கள். ஷாக்லியையும் சேர்த்து மூவருக்கும் 1956இல் நோபல் பரிசு. வெற்றிடக் குழாய்க்குள் பாய்ந்த எலெக்ட்ரான்கள் இப்போது திடப்பொருளுக்குள்ளேயே பாய்ந்தன. "சாலிட் ஸ்டேட்" என்ற பெயருக்குக் காரணம் அதுதான். 1954இல் அமெரிக்காவில் டிரான்சிஸ்டர் ரேடியோ விற்பனைக்கு வந்தது. பின்னர் நம் ஊர்களில் டிரான்சிஸ்டர் என்ற சொல்லே கைக்கு அடக்கமான ரேடியோவைக் குறிக்கும் அளவுக்கு அது பரவியது.

அதே சமயத்தில் கிடார் உலகம் வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது. மேடைகள் பெரிதாகிக்கொண்டே வந்தன. 1965 ஆகஸ்டில் நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் 55,000 பேருக்கு மேல் கூடிய கூட்டத்தின் முன் வாசித்தார்கள். வாக்ஸ் நிறுவனத்தின் 100 வாட் ஆம்ப்கள் இருந்தும் ரசிகர்களின் கூச்சலில் இசை மூழ்கிப்போனது. லண்டனில் ஜிம் மார்ஷல் 'தி ஹூ' குழுவினருக்காக 100 வாட் பெட்டிகளைச் செய்தார். "வாட் கூடினால் உசத்தி" என்ற எண்ணம் வேரூன்றிய காலம் இது. மேடைக்கு அது நியாயமான தேவை. ஆனால் அந்த எண்ணம் மேடையோடு நிற்காமல் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது.

1965இல் ஃபெண்டர் நிறுவனத்தை சிபிஎஸ் வாங்கியது. அடுத்த ஆண்டே ஃபெண்டரின் சாலிட் ஸ்டேட் வரிசை வெளிவந்தது. எடை குறைவு, சூடு குறைவு, வால்வு மாற்றும் செலவு இல்லை. வெற்றி நிச்சயம் என்று எவரும் நினைத்திருப்பார்கள். ஆனால் சில ஆண்டுகளிலேயே அந்த வரிசையைக் கைவிட வேண்டியதாயிற்று.

ஏன் தோற்றது? முதல் காரணம், அன்றைய டிரான்சிஸ்டர்களுக்குத் தாங்கும் சக்தி குறைவு. வால்வு கொஞ்ச நேரம் அளவுக்கு மீறிய சுமையைத் தாங்கும். டிரான்சிஸ்டரோ, ஸ்பீக்கர் வயரில் ஒரு ஷார்ட் ஏற்பட்டாலே நொடியில் போய்விடும்.

இரண்டாவது காரணம்தான் எனக்குப் பிடித்த பாடம். ஒலி அலையை ஒரு மலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆம்பை அதன் எல்லைக்கு மேல் விரட்டினால் அந்த மலை கூரையில் போய் முட்டும். வால்வு அதன் உச்சியை மெதுவாக மழுங்கடிக்கும். சாதாரண டிரான்சிஸ்டர் சுற்று கத்தியால் வெட்டியதுபோல் தட்டையாக நறுக்கிவிடும். நறுக்கிய இடத்தில் கூர்மையான முனை வரும். அந்த முனைதான் காதில் கரகரவென்று குத்துகிறது. பொறியியல் பார்வையில் இரண்டுமே பிழைதான். ஆனால் வால்வின் பிழையைக் கிடார்க்காரர்கள் தங்கள் இசையின் ஒரு பகுதியாகவே ஆக்கிக்கொண்டிருந்தார்கள்.

சாலிட் ஸ்டேட்டுக்குக் கெட்ட பெயர் வந்தது அப்போதுதான். அன்றைய பெட்டிகளைப் பொறுத்தவரை அந்தப் பெயர் நியாயமானதும்கூட. பெட்டிகள் மாறின, பெயர்தான் மாறவில்லை.

1973இல் அமெரிக்காவில் பிக்னோஸ் என்ற சின்னப் பெட்டி வந்தது. 5 வாட், பேட்டரியில் ஓடும், பன்றி மூக்கு வடிவத்தில் ஒரே ஒரு திருகு. மேடைக்குப் போட்டியிடாமல் அறைக்குள்ளும் பயணத்திலும் வாசிப்பதற்காகவே செய்தது. 1975இல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் ஜேசி-120ஐக் கொண்டுவந்தது. இரண்டு 60 வாட் சுற்றுகள், இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர்கள். வால்வைப் போல நடிக்க அது முயலவில்லை. டிரான்சிஸ்டருக்கு இயல்பாக வரும் தெளிவையே தன் பலமாக வைத்துக்கொண்டது. அதை இன்றும் தயாரிக்கிறார்கள். புளூஸ் மேதை பி.பி. கிங் பல ஆண்டுகள் விரும்பி வாசித்த லேப் சீரீஸ் எல்-5 ஆம்பும் சாலிட் ஸ்டேட்தான்.

வீட்டுப் பயிற்சிக்கு மிக நெருக்கமானது 1982இல் வந்தது. பாஸ்டன் குழுவின் டாம் ஷோல்ஸ், எம்ஐடியில் படித்துவிட்டு போலராய்டு நிறுவனத்தில் வேலை பார்த்த பொறியாளர். அவர் ராக்மேன் என்ற கையடக்கப் பெட்டியைச் செய்தார். இடுப்பில் மாட்டி, ஹெட்ஃபோன் போட்டு வாசிக்கலாம். மேடை ஆம்பின் உறுமல் முழுவதும் வாசிப்பவர் காதுக்குள் மட்டும் கேட்கும், பக்கத்து அறைக்குக் கேட்காது. நான்கைந்து நூறு வோல்ட் வால்வை இடுப்பில் கட்டிக்கொள்ள முடியுமா? டிரான்சிஸ்டரால் மட்டுமே முடிந்த காரியம் அது.

இப்போது என் கதை. பல ஆண்டுகளுக்கு முன் என் மகன் கிடார் கற்றுக்கொள்ளத் தொடங்கினான். நான் கடைக்குப் போய், "எதுல வாட் அதிகம்?" என்று கேட்டு 60 வாட் ஆம்ப் ஒன்றை வாங்கி வந்தேன். எங்கள் வீடும் பக்கத்து வீடும் ஒரே சுவர். வால்யூம் திருகை ஒன்றைத் தாண்டித் திருப்ப முடியவில்லை. ஒன்றுக்குக் கீழே ஒலி செத்துக் கிடந்தது, கொஞ்சம் திருப்பினால் சுவர் அதிர்ந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் இரண்டு முறை வந்து தன்மையாகத்தான் சொன்னார். மூன்றாவது முறை அவர் வருவதற்குள் அந்த ஆம்பின் மேல் துணி விரித்து டெலிபோனை வைத்துவிட்டோம். அவன் அதன் பிறகு கிடாரைத் தொடவில்லை. தப்பு கடைக்காரருடையதல்ல, டெசிபல் பாடம் நடத்திய என்னுடையது.

அந்தப் பாடத்தை மறுபடி சொல்கிறேன். வாட் இரு மடங்கானால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். நம் காதுக்கு ஒலி இரு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும். அதாவது வாட் பத்து மடங்காக வேண்டும். 100 வாட் ஆம்ப் 10 வாட்டைவிடப் பத்து மடங்கு சத்தமல்ல, சுமார் இரண்டு மடங்குதான். ஒரே ஒரு வாட்டில் ஒரு மீட்டர் தொலைவில் 95 டெசிபல் தரும் கிடார் ஸ்பீக்கர்கள் சாதாரணமாகக் கிடைக்கின்றன. சமையலறை மிக்ஸியைவிடச் சத்தம். ஆகவே வீட்டுக்கு 10 முதல் 20 வாட் தாராளம்.

மாணவருக்குச் சொன்ன மற்றவற்றையும் எழுதிவிடுகிறேன். ஸ்பீக்கர் 8 அங்குலமாவது இருக்கட்டும், மிகச் சிறியதில் தாழ்ந்த சுரங்கள் மெலிந்துவிடும். கெயினுக்கும் வால்யூமுக்கும் தனித்தனித் திருகு வேண்டும், அப்போதுதான் உறுமும் ஒலியையும் மெதுவாகவே கேட்க முடியும். ஹெட்ஃபோன் துளை கட்டாயம் வேண்டும், அதில் சொருகியதும் ஸ்பீக்கர் அடங்க வேண்டும். போனிலிருந்து பாட்டைச் செலுத்திக் கூடவே வாசிக்கும் வசதி இருந்தால் இன்னும் நல்லது.

கடைக்கு அவள் கிடாரையே எடுத்துப் போங்கள். வீட்டில் வைக்கப்போகும் அளவுக்குச் சத்தத்தைக் குறைத்து வாசிக்கச் சொல்லுங்கள். சத்தம் குறைந்தால் நம் காதுக்குத் தாழ்ந்த சுரங்கள் அதிகமாகக் குறைந்து தோன்றும். 1933இலேயே ஃபிளெட்சரும் மன்சனும் இதை அளந்து காட்டினார்கள். கடையில் அலற வைத்துக் கேட்ட இனிமை வீட்டுக்கு வந்ததும் காணாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். பிறகு வாசிக்காமல் வால்யூமை ஏற்றிப் பாருங்கள், "உர்ர்" என்ற இரைச்சல் எவ்வளவு வருகிறது என்று தெரியும்.

வீட்டில் கட்டாயம் பார்க்க வேண்டியது எர்த். பெரும்பாலான எலெக்ட்ரிக் கிடார்களில் கம்பிகள் கேபிள் வழியாக ஆம்பின் உலோகச் சட்டத்தோடு இணைந்திருக்கும். குழந்தையின் விரல் நேரே அந்தக் கம்பியில்தான் இருக்கும். மூன்று முனைப் பிளக்கை இரண்டு முனையாக்கிச் சொருகவே கூடாது. எலெக்ட்ரீஷியனை அழைத்து அந்த சாக்கெட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வால்வு மோசம் என்று நான் சொல்லவில்லை. அதன் அழகு, அதை நன்றாக விரட்டும்போதுதான் முழுமையாக வெளிப்படும். சுவர் ஒட்டிய வீட்டில் அதற்கு இடமில்லை. வீட்டு ஆம்பின் வேலை ஒன்றே ஒன்றுதான்: குழந்தை நாளையும் கிடாரை எடுக்க வேண்டும்.

மாணவர் நேற்று மறுபடி அழைத்தார். 15 வாட் சாலிட் ஸ்டேட் வாங்கியாயிற்றாம். "ராத்திரி பத்து மணிக்கும் வாசிக்கிறா சார், எங்களுக்கு ஒரு சத்தமும் கேக்கல" என்றார். ஹெட்ஃபோனிலும் சத்தத்தை அளவோடு வைக்கச் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

உங்களில் கிடார் வாசிப்பவர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். நான் சொன்னதில் பிழை இருந்தால் தயங்காமல் திருத்துங்கள். வகுப்பில் அதற்குத்தான் எப்போதும் இடம் கொடுத்தேன்.